2147483647 என்ற எண்ணில் அப்படி என்ன விசேஷம்?

கணினியில் முழு எண்ணுக்கு உள்ள எல்லை என்றுதான் பலருக்கும் இது பழக்கம். காட்பாடியில் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகளுக்கும் அப்படித்தான். அவள் ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதிய கூட்டல் இதைத் தாண்டியதும் விடை மைனஸில் வந்துவிட்டது. "ஏன் சித்தப்பா சரியா இங்கயே நிக்குது?" என்று கேட்டாள். அங்கே ஒரு முழு எண்ணுக்கு 32 பிட், அதாவது 0 அல்லது 1 வைக்கும் 32 இடங்கள். அதில் ஒன்று பிளஸ், மைனஸ் குறிக்குப் போய்விடும். மீதி 31 பிட்டில் அடங்கும் பெரிய எண், 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. கணினிக் கதை அவ்வளவுதான்.

எனக்கு இந்த எண்ணைப் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. இந்த 214 கோடி 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 ஒரு பகா எண். கணினியே இல்லாத காலத்தில், 1772-இல், கணித மேதை ஆய்லர் அதை நிறுவினார்.

நேர்வழி என்றால் வர்க்கமூலம் வரை, அதாவது 46,340 வரை உள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். 4,700-க்கு மேல் இருக்கின்றன. ஆய்லர் முதலில் யோசித்தது, வகுக்கக்கூடிய எண் எப்படி இருக்க முடியும் என்று. ஒரு பகா எண் இதை வகுத்தால், அதிலிருந்து ஒன்றைக் கழித்து வருவது 62-இன் மடங்காகத்தான் இருக்கும். 62 என்பது 31-இன் இரட்டிப்பு. சிறிய எண்ணில் பாருங்கள்: 2-இன் 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 2047. அது 23 பெருக்கல் 89. ஒன்றைக் கழித்தால் 22, 88. இரண்டும் 22-இன் மடங்கு! அப்புறம் இன்னொரு நிபந்தனை: அந்த வகுக்கும் எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரும். இரண்டையும் சேர்த்தால், 248-இன் மடங்கோடு 1 அல்லது 63 கூட்டிய எண்கள்தான் மிஞ்சும். 46,340-க்குள் அவை 372. அவற்றிலும் 3, 7 போன்றவற்றால் வகுபடுவதை அடித்துவிட்டால் நூற்றுக்கும் கீழே வந்துவிடும்.

குடியாத்தத்தில் என்னிடம் டியூஷன் படிக்கும் நான்கு பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை நோட்டில் போட்டுப் பார்த்தோம். முதலில் வருவது 311. ஈவு 69,05,092, மீதி 35. சாயங்காலம் வரை ஆளுக்கொரு பங்கு வகுத்தார்கள். ஒருவருக்கும் மீதி பூஜ்யம் வரவில்லை. கடைசி எண்ணையும் அடித்த பெண் எழுந்து நின்று, "அப்போ இது பகா எண்தான் சார்" என்று சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"இதே மாதிரி அடுத்தது எது சார்?" என்றான் ஒரு பையன். 31-க்கு அடுத்து, 2-இன் 61-ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் வருவது பகா எண். 1883-இல் ரஷ்யாவின் பெர்வூஷின் அதை நிறுவினார். அதற்கு இதே இரண்டு நிபந்தனைகளைப் போட்டாலும் 60 லட்சம் எண்களுக்கு மேல் மிஞ்சும். வகுத்துத் தீராது, இப்படிப்பட்ட எண் பகா எண்ணா என்று வகுக்காமலே அறிய பிரெஞ்சுக் கணிதர் லூக்காஸ் கண்ட சோதனை வேண்டும். இப்போது ஞாயிறுதோறும் அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறோம்.