எக்ஸ்ரே சரி, வீக்கம் மட்டும் போகவில்லை!

கேள்வி: கபடியில் வலது முழங்கால் திருகிக்கொண்டது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. 6 வாரமாகியும் வீக்கம் வடியவில்லை, மாலையில் கூடுகிறது. எண்ணெய் தேய்த்து நீவலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: நீவ வேண்டாம். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். ஜவ்வு, குருத்தெலும்புக் கிழிசல் தெரியாது. அடிபட்ட ஓரிரு மணி நேரத்திலேயே முட்டி பந்துபோல் வீங்கியதா? அப்படியென்றால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கும். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள் பிணைக்கும் முன்சிலுவை ஜவ்வைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மறுநாள் மெல்ல வீங்கியிருந்தால் பெரும்பாலும் குருத்தெலும்பு. எதுவானாலும், 6 வாரம் தாண்டிவிட்டதால் எலும்பு மருத்துவரிடம் காட்டி எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுங்கள்.

வீக்கமாக முட்டிக்குள் நீர் தேங்கியிருக்கும்வரை தொடையின் முன்தசை சரியாக இறுகாது. தசை இளைத்தால் பாரமெல்லாம் மூட்டில் இறங்கி, மறுபடி நீர் கோக்கும். மருத்துவர் தடுக்காவிட்டால் இதைச் செய்யுங்கள்: காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முட்டிக்கடியில் வைத்து, 5 விநாடி கீழே அழுத்துங்கள். 10 முறை, தினம் 3 வேளை. பிறகு ஈரத்துணியில் சுற்றிய ஐஸ், 15 நிமிடம்.

காலையில் முட்டிச்சில்லின் நடுவில் தையல் டேப்பால் சுற்றளவு எடுத்துக் குறித்துவையுங்கள். முந்தின நாளைவிடக் கூடியிருந்தால் பயிற்சியைப் பாதியாக்குங்கள்.

முட்டி பூட்டிக்கொண்டு நீளவில்லை, சிவந்து காய்ச்சல் வருகிறது, கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது – இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. களத்துக்கு இப்போது போகவே கூடாது.