மின்வெட்டின்போது மீன் தொட்டியை எப்படிக் காப்பாற்றுவது? யுபிஎஸ் கட்டாயம் வேண்டுமா?

100 லிட்டர் தொட்டி, கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் வகை), ஹீட்டர் வைத்திருக்கிறீர்கள். ஆறேழு மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் என்ன செய்வது, யுபிஎஸ் வாங்கலாமா என்பது கேள்வி. யுபிஎஸ்ஸுக்குச் செலவழிக்கும் முன் ஒரு யுஎஸ்பி ஏர் பம்ப்பும் பவர் பேங்க்கும் வாங்குங்கள். விலையும் குறைவு, ஓடும் நேரமும் அதிகம்.

கரண்ட் போனால் மீன்களுக்கு முதலில் தட்டுப்பாடாவது ஆக்சிஜன்தான். ஃபில்டர் நின்று நீர் அழுக்காவதும், நீர் குளிர்வதும் அதற்குப் பிறகுதான். ஆக்சிஜன் நீருக்குள் இறங்குவது மேற்பரப்பு வழியாக. 25 டிகிரி செல்சியஸில் நன்னீர் லிட்டருக்கு அதிகபட்சம் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் 7.6. நீர் சூடாக இருக்கும்போது மீன்களின் தேவை கூடுகிறது, இருப்போ குறைகிறது. அதனால்தான் ஒரே தொட்டி குளிர்நாளில் இரவு முழுக்கத் தாங்கும், வெயில் நாளில் இரண்டு மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடும்.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை லிட்டரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உயரமான, வாய் குறுகிய தொட்டி அகலத் தொட்டியை விட மோசம். மீன் வகையும் முக்கியம். ஃபைட்டர், கௌராமி இரண்டும் மேலே வந்து காற்றையே சுவாசிக்கக்கூடியவை. அவற்றைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். கோல்டுஃபிஷ் உருவத்திலும் கழிவிலும் பெரிது, நெருக்கமாக வைத்திருந்தால் அதுதான் முதலில் திணறும். செடி நிறைந்த தொட்டி பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள் உண்டு. வெளிச்சம் இருக்கும்வரைதான் அது உண்மை. இருட்டில் செடிகளும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும். செடிகளுக்காகக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் மாட்டியிருந்தால், சோலனாய்டு வால்வு (கரண்ட் இருக்கும்போது மட்டும் திறந்திருப்பது) தானாக மூடியதா என்று பாருங்கள். சோலனாய்டு இல்லாத அமைப்பு என்றால் கையால் மூடுவதுதான் முதல் வேலை.

இப்போது பம்ப் கணக்கு. 10,000 எம்ஏஎச் என்று பவர் பேங்க்கில் போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான அளவு. அதாவது 37 வாட்-மணி. 5 வோல்ட்டாக மாற்றும் இழப்பு போக ஏறக்குறைய 30 கையில் நிற்கும். சிறிய யுஎஸ்பி ஏர் பம்ப் 1 வாட் எடுத்தால் 30 மணி நேரம், 2 வாட் எடுத்தால் 15 மணி நேரம். ஒரே சிக்கல்: இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் சில பவர் பேங்க்குகள் எதுவும் மாட்டவில்லை என்று நினைத்து அணைந்துவிடும். வாங்கிய அன்றே பம்ப்பை மாட்டி ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள். நள்ளிரவில் தெரியவந்து பயனில்லை.

யுபிஎஸ்ஸுக்கு வருவோம். சிறிய கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. காகிதக் கணக்கில் 84 வாட்-மணி. ஆனால் அது 3 வாட் பம்ப்பை ஓட்டினாலும் தன் சுற்றுக்கே அதைவிட அதிகமாகத் தின்னும். 28 மணி நேரம் வரும் என்ற கணக்கு சில மணி நேரத்தில் முடிந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டர் ஏற்கெனவே இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். சதுர அலை இன்வெர்ட்டரில் கேனிஸ்டர் மோட்டார் ஊளையிடும், சூடாகும். சைன் அலை இன்வெர்ட்டர் என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஹீட்டரையும் விளக்கையும் மட்டும் அதில் மாட்டாதீர்கள்.

ஏர் ஸ்டோனை (பம்ப் குழாயின் நுனியில் மாட்டும், குமிழி விடும் கல்) அடியில் போடுங்கள். குமிழிகள் மேலே ஏறும்போது அடிநீரையும் இழுத்துக்கொண்டு போகும், மேற்பரப்பும் கலங்கும். ஆக்சிஜன் சேர்வதில் பெரும் பங்கு குமிழியை விட இந்தக் கலக்கத்துக்குத்தான். பம்ப்பை நீர்மட்டத்துக்குக் கீழே வைத்தால் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம்; பம்ப் நின்றதும் நீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கி பம்ப்பையும் தரையையும் நனைத்துவிடும். வால்வைத் திருப்பி மாட்டினால் காற்றே போகாது, மாட்டும் முன் வாயால் ஊதிப் பாருங்கள்.

பம்ப்பே இல்லாவிட்டால் கைதான். மூடியைத் திறந்து, மீன் தாவாதபடி வலையைப் போடுங்கள். ஒரு குவளையால் நீரை மொண்டு, ஓர் அடி உயரத்திலிருந்து, சூடான பாலை ஆற்றுவது போல் மீண்டும் தொட்டிக்குள் ஊற்றுங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் இடைவெளியைக் குறையுங்கள். நீர்மேல் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் ஒரு டிஷ்யூ தாளைப் பரப்பி எடுத்துவிடுங்கள். படலம் காற்றோட்டத்தைத் தடுக்கும்.

பலர் கவனிக்காமல் விடுவது கேனிஸ்டரை. ஸ்பாஞ்ச் ஃபில்டர் தொட்டிக்குள்ளேயே இருப்பதால் பிரச்சினை குறைவு. கேனிஸ்டர் மூடிய டப்பா. நீரோட்டம் நின்றதும் உள்ளே இருக்கும், அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் மிச்ச ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு மடியத் தொடங்கும். சில மணி நேரம் கழித்து கரண்ட் வந்து மோட்டார் ஓடினால் நாற்றமடிக்கும் அந்த நீர் மொத்தமும் தொட்டிக்குள் போகும். மின்வெட்டில் பிழைத்த மீன் கரண்ட் வந்தபின் சாவது இப்படித்தான். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் இரு குழாய் வால்வுகளையும் மூடி, டப்பாவைத் திறந்து, மீடியாவை (பாக்டீரியா ஒட்டி வாழும் ஸ்பாஞ்ச், வளையம் போன்றவை) ஓர் அகலத் தட்டில் பரப்பி, தொட்டி நீரைத் தெளித்து ஈரமாக வையுங்கள். மூழ்க வேண்டியதில்லை. ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருப்பதைப் போல் முப்பது மடங்குக்கு மேல். ஈரமாக, காற்றுப் பட்டு இருந்தால் பாக்டீரியா நன்றாகவே தாங்கும். குழாய்த்தண்ணீரைத் தெளிக்காதீர்கள், குளோரின் இருந்தால் எல்லாம் வீண்.

வெப்பம் பற்றிய பயம் பெரும்பாலும் மிகை. 100 லிட்டர் நீர் ஒரு டிகிரி குறைய 116 வாட்-மணி வெப்பம் வெளியேற வேண்டும், அது மெதுவாகத்தான் நடக்கும். அதே கணக்கால்தான் ஹீட்டரை பேட்டரியில் ஓட்டுவது வீண்: மேலே சொன்ன பவர் பேங்க்கின் முழுச் சக்தியும் உங்கள் தொட்டியில் கால் டிகிரியைத்தான் கூட்டும். பக்கங்களில் கம்பளியோ தெர்மாகோலோ சுற்றுங்கள், மேற்புறம் காற்றுக்குத் திறந்திருக்கட்டும். உண்மையிலேயே குளிர்ந்தால், 60 டிகிரி நீர் நிரப்பிய 2 லிட்டர் பாட்டிலை மூடி மிதக்கவிடுங்கள். நீர் 23 டிகிரியில் இருந்தால் சுமார் 0.7 டிகிரி ஏறும். தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தால் முதலில் இரண்டு லிட்டர் மொண்டு வெளியே வையுங்கள். வெயில் காலத்தில் இதே வேலையை ஐஸ் பாட்டில் செய்யும். எப்படியானாலும் ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரிக்கு மேல் மாற்ற வேண்டாம்.

தீனி போடவே கூடாது. வளர்ந்த, ஆரோக்கியமான மீன் இரண்டு மூன்று நாள் பட்டினியை எளிதாகத் தாங்கும். ஃபில்டர் ஓடாத நீரில் செரித்த தீனியும் மிச்சத் தீனியும் அமோனியாவாகத்தான் முடியும்.

கரண்ட் வந்ததும் அவசரம் வேண்டாம். போனபோதே ஹீட்டர், ஃபில்டர் பிளக்குகளைப் பிடுங்கி வைத்திருந்தால் வோல்டேஜ் ஏற்ற இறக்கம் அடங்கும்வரை பத்து நிமிடம் காத்திருக்கலாம். கேனிஸ்டரில் நின்ற நீரைக் கொட்டி, மீடியாவை வாளியில் எடுத்த தொட்டி நீரில் அலசி, திரும்ப அடுக்கி, காற்று வெளியேற்றி ஓடவிடுங்கள். விளிம்பில் தொங்கும் ஃபில்டர் என்றால் அதன் கிண்ணத்தில் நீர் ஊற்றிய பிறகே பிளக்கை மாட்ட வேண்டும், வெறும் மோட்டார் ஓடினால் தேய்ந்து போகும். ஹீட்டர் கடைசியில், அது முழுவதும் நீருக்குள் இருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள், நீர்மட்டம் குறைந்து வெளியே தெரிந்தால் கண்ணாடி வெடிக்கும்.

அன்றும் அடுத்த மூன்று நாளும் அமோனியா, நைட்ரைட் (இரண்டும் மீனுக்கு நச்சு) சோதியுங்கள். இரண்டில் ஒன்று 0.25 பிபிஎம்மை (லிட்டருக்கு மில்லிகிராம்) தொட்டாலும் குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலை நீரால் கால் பங்கு மாற்றுங்கள். நீரின் பிஎச் 8-ஐ ஒட்டி இருந்தால் இன்னும் கறாராக இருங்கள், அமோனியாவின் நச்சுப் பகுதி அங்கே பல மடங்கு கூடும். தீனியை மறுநாள் பாதி அளவில் தொடங்கலாம்.