யாரைப் பாராட்டுவது, யார் பாராட்டுவது

அன்புள்ள ஐயா,

வணக்கம். நாங்கள் சிலர் சேர்ந்து கிராமத்துப் பிள்ளைகளுக்காக ஒரு இளைஞர் குழு நடத்திவருகிறோம். பள்ளி விட்ட பிறகும் விடுமுறை நாட்களிலும் பயிர் வளர்ப்பு, கால்நடை பராமரிப்பு, கணக்கு எழுதுவது, கூட்டத்தில் எழுந்து பேசுவது என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குகிறோம். இந்த ஆண்டு எங்கள் பகுதி விவசாயக் குடும்பங்களையும் குழுவுக்குத் துணை நின்றவர்களையும் அழைத்து ஒரு பாராட்டு விழா நடத்தலாம் என்று முடிவு செய்தோம். அன்றிலிருந்தே சிக்கல்தான். அதிக விளைச்சல் எடுத்தவரைத் தேர்ந்தெடுப்போம் என்கிறார் ஒருவர். தலைமுறை தலைமுறையாக நிலத்தைக் காப்பாற்றி வைத்திருக்கும் குடும்பத்துக்குத்தான் என்கிறார் இன்னொருவர். பெரிய தொகை கொடுத்தவரை முதலில் மேடையேற்றாவிட்டால் அடுத்த ஆண்டு பணம் வராது என்று எங்கள் பொருளாளருக்குக் கவலை. பிள்ளைகளைக் கேட்டால், "இது பெரியவங்க பெரியவங்களுக்குப் பண்றது, இதுல எங்களுக்கு என்ன வேலை?" என்கிறார்கள். இப்படி ஒரு விழா தேவைதானா? தேவை என்றால் எப்படிச் செய்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

தேவைதான். தயங்காமல் நடத்துங்கள். உங்கள் பிள்ளைகள் கேட்ட கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றவற்றுக்கான விடையும் அதிலேயே இருக்கிறது. அவர்களுக்கு இதில் என்ன வேலை என்றால், கிட்டத்தட்ட எல்லா வேலையும் அவர்களுடையதுதான். யாரைப் பாராட்டலாம் என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, கேட்டு எழுதிக்கொள்வது, பாராட்டுரை எழுதுவது, மேடையேறி அதை வாசிப்பது, எல்லாம். இடம் பிடிப்பது, நாற்காலி போடுவது போன்றவற்றைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிராமத்து இளைஞர் அமைப்புகள் எப்படித் தொடங்கின என்று பாருங்கள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கிளார்க் கவுன்டியில், ஆல்பர்ட் கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் 1902 ஜனவரி 15 அன்று சிறுவர் சிறுமியர் சிலரை நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கூட்டினார். மண்ணைச் சோதித்துப் பார்ப்பது, நல்ல மக்காச்சோள விதையாகப் பொறுக்கி விதைப்பது, காய்கறித் தோட்டம் போடுவது என்று வேலை கொடுத்தார். இன்றைக்கு ஃபோர்-எச் (4-H) என்று அறியப்படும் இளைஞர் அமைப்பு தன் தொடக்கமாகச் சொல்லிக்கொள்வது அந்தக் கூட்டத்தைத்தான். அந்தக் காலத்தில் ஆராய்ச்சி நிலையங்கள் புதிதாக ஏதாவது சொன்னால் விவசாயிகள் லேசில் ஏற்க மாட்டார்கள். அவர்கள் தயங்கியது நியாயம்தான், விளையாமல் போனால் அந்த ஆண்டு முழுக்கக் கஷ்டப்படப் போவது அவர்கள் குடும்பம் அல்லவா? பிள்ளைகள் ஒரு மூலையில் போட்டுப் பார்த்தார்கள். விளைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு பெரியவர்களும் போட்டார்கள்.

சரி, அந்த மூலையை ஒதுக்கிக் கொடுத்தது யார்? 1910-ல் தெற்குக் கரோலினாவின் எய்க்கன் பகுதியில் மரீ குரோமர் என்ற பள்ளி ஆசிரியை பெண்பிள்ளைகளுக்காகத் தக்காளிக் குழு ஒன்றைத் தொடங்கினார். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு ஏக்கரில் பத்தில் ஒரு பங்கில், அதாவது நம் கணக்கில் 10 சென்ட் நிலத்தில், தானே தக்காளி பயிரிட்டு, பறித்து, டப்பாவில் அடைத்து விற்க வேண்டும். திட்டம் ஆசிரியையுடையது, உழைப்பு பிள்ளையுடையது, நிலம் குடும்பத்துடையது. கையகல நிலத்தை வைத்துப் பிழைக்கும் வீட்டில் 10 சென்டை ஒரு சிறுமியின் பொறுப்பில் விடுவது சாதாரண காரியம் இல்லை. இளைஞர் திட்டங்களின் வரலாற்றில் தொடங்கியவர்களின் பெயர் நிற்கிறது, நிலம் விட்டுக்கொடுத்த குடும்பங்களின் பெயர் பெரும்பாலும் எங்கேயும் இல்லை. உங்கள் விழா அதைச் சரிசெய்கிற விழாவாக இருக்கட்டும் என்பதுதான் என் ஆசை.

ஆகவே தேர்வுக்கு நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: பிள்ளைகளுக்கு யார் இடம் கொடுத்தார்கள்? யாரிடமிருந்து அவர்கள் எதைக் கற்றார்கள்?

ஒரு காட்சியைச் சொல்கிறேன். கன்றுக்குட்டியை வாளியில் பால் குடிக்கப் பழக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கன்று இயல்பாகத் தலையை மேலே தூக்கித்தான் மடியைத் தேடும், வாளியோ கீழே இருக்கிறது. பழக்குகிற சிறுமி இரண்டு விரலை வெதுவெதுப்பான பாலில் நனைத்து அதன் வாயில் வைக்கிறாள். கன்று விரலைச் சப்பத் தொடங்கியதும் கையை மெல்ல மெல்லக் கீழே இறக்கி வாளிக்குள் கொண்டுபோகிறாள். மூக்கு பாலில் பட்டதும் கன்று புர்ரென்று சீறி எல்லார் மேலும் பாலைத் தெளிக்கிறது, வாளி சாய்கிறது. மறுபடி முதலிலிருந்து. பக்கத்தில் அந்த வீட்டுப் பெண்மணி நிற்கிறார். அவர் செய்தால் நொடியில் முடிந்துவிடும், ஆனால் வாளியைத் தன் கையில் வாங்குவதில்லை. "விரலைச் சட்டுனு உருவாதே, அது குடிக்க ஆரம்பிச்சதும் தானா விடு" என்று மட்டும் சொல்கிறார். கொட்டிய பால் அவருடைய வீட்டுப் பால்.

இங்கிலாந்தில் இளம் விவசாயிகள் சங்கங்கள் 1921-ல் டெவனில் உள்ள ஹெமியாக் என்ற ஊரில் பிள்ளைகளுக்குக் கன்று கொடுத்து வளர்க்கச் சொல்லித்தான் தொடங்கின என்று படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது இந்தக் கொட்டிய பால்தான். அந்தச் செலவை யாரோ ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், முகம் சுளிக்காமல்.

இதைத்தான் பாராட்டுரையில் எழுத வேண்டும். "வேளாண்மைக்கு அரும்பணி ஆற்றி, அனைவருக்கும் முன்மாதிரியாகத் திகழும்" என்று யாருக்கும் பொருந்துகிற வாசகம் எழுதினால் கேட்பவர் மனதில் எதுவும் நிற்காது, பெறுகிறவருக்கே அது தன்னைப் பற்றியது என்று தோன்றாது. "நான் பல தடவை பாலைக் கொட்டினேன், அவர் ஒரு தடவைகூட வாளியைப் பிடுங்கவில்லை" என்று ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை தன் கையெழுத்தில் எழுதி வாசித்துப் பாருங்கள். தானியத்தைப் பல்லில் கடித்துப் பார்த்து அது காய்ந்த பதம் சொல்லக் கற்றுக்கொடுத்தவர், உழவு ஓட்டும்போது கோணல் விழுந்தால் திட்டாமல் அடுத்த உழவுச் சாலும் ஓட்ட விட்டவர், கணக்குப் புத்தகத்தில் தீவனச் செலவை எழுத மறந்தபோது திருப்பி அனுப்பியவர். இப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று இருக்கும். பிள்ளைகளுக்குத்தான் அது தெரியும், உங்கள் குழுவின் பெரியவர்களுக்குத் தெரியாது.

விளைச்சலை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். விளைச்சலில் பாதி மண்ணும் தண்ணீரும் கையில் இருக்கும் முதலும் செய்கிற வேலை. நல்ல நிலம் வாய்த்தவரே ஆண்டுதோறும் வருவார். தலைமுறைக் கணக்கு இன்னும் சிக்கலானது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஒரே குடும்பத்திடம் 100 ஆண்டுகள் இருக்கும் நிலத்தை நூற்றாண்டுப் பண்ணை என்று பாராட்டுகிறார்கள். அதில் பெருமைப்பட நிறையவே இருக்கிறது, அவ்வளவு காலம் விற்காமல் தாக்குப்பிடிப்பது சும்மா இல்லை. ஆனால் அதை மட்டும் அளவாக வைத்தால் குத்தகைக்கு உழுகிறவர், நிலத்தை இழந்து கூலிக்குப் போகிறவர், போன தலைமுறையில்தான் முதன்முதலாக ஒரு துண்டு நிலம் வாங்கியவர், எல்லாரும் வெளியே நின்றுவிடுவார்கள். அவர்களும் விவசாயக் குடும்பங்கள்தான். அவர்களுடைய பிள்ளைகளும் உங்கள் குழுவில் இருப்பார்கள், மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

விழாவில் யாராவது புள்ளிவிவரம் சொல்லப்போனால் ஒன்றைத் திருத்திக்கொடுங்கள். உலகத்தின் உணவில் 80 சதவீதத்தைச் சிறு விவசாயிகள் விளைவிக்கிறார்கள் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு சொல்லும் அந்த 80 சதவீதம் எல்லாக் குடும்பப் பண்ணைகளுக்குமான மதிப்பீடு, பெரியவையும் அதில் அடக்கம். 2 ஹெக்டேருக்குக் குறைவான சிறு பண்ணைகளின் பங்கு சுமார் 35 சதவீதம். குறைவாகத் தெரிகிறதா? அவற்றின் கையில் இருப்பது உலகின் விவசாய நிலத்தில் சுமார் 12 சதவீதம்தான். இதைவிடப் பெரிய பாராட்டு என்ன வேண்டும்? உள்ளதைச் சொன்னாலே போதும்.

அப்புறம், குடும்பம் என்றால் குடும்பம். பத்திரத்தில் பெயர் இருப்பவரை மட்டும் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டு அவர் மனைவியைப் புகைப்படத்துக்கு மட்டும் அழைக்கிற வேலை வேண்டாம். விதையைக் காயவைத்து எடுத்துவைத்தவர், விடியுமுன் எழுந்து மாட்டைப் பார்ப்பவர், களையெடுத்தவர் யார் என்று பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். ஐ.நா. சபை 2026-ஐப் பெண் விவசாயிகளுக்கான சர்வதேச ஆண்டாக அறிவித்திருக்கிறது. உங்களுக்கு அந்த அறிவிப்பு வேண்டியதில்லை, பாராட்டுரையில் அந்தப் பெண்ணின் பெயரைச் சரியாக, முழுதாக எழுதினாலே போதும். வயதான பாட்டி இருந்தால் அவரையும்.

இனி பொருளாளரின் கவலை. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, பணம் இல்லாமல் எந்தத் திட்டமும் ஓடாது. 1906-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கீகி பள்ளியில் வேளாண்மை கற்பித்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் ஒரு வண்டியை வடிவமைத்தார். பள்ளிக்கு வர முடியாத கறுப்பின விவசாயிகளிடம் கருவிகளையும் விதைகளையும் செய்முறை விளக்கங்களையும் கொண்டுபோவதற்கான வண்டி. அதற்குப் பணம் கொடுத்தவர் நியூயார்க் வங்கியாளர் மாரிஸ் ஜெசப். அதனால் அதற்கு ஜெசப் வண்டி என்றே பெயர். அதை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் தாமஸ் கேம்பெல். பணம், அறிவு, நடை மூன்றும் சேர்ந்துதான் அந்த வண்டி ஓடியது. கொடுத்தவரின் பெயரை வேலை நடக்கிற இடத்தில் வைத்தார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. உங்களுக்குப் பெரிய தொகை தந்தவரை மேடையின் நடுவில் உட்கார வைப்பதைவிட, அவர் பணத்தில் வாங்கிய கன்றையோ நாற்றங்காலையோ வளர்த்த பிள்ளை தன் வரவு செலவுப் புத்தகத்தை அவரிடம் கொண்டுபோய்க் காட்டி, இதற்கு இவ்வளவு ஆனது, இவ்வளவு வந்தது, இந்த இடத்தில் நட்டம் என்று சொல்லட்டும். மனதாரக் கொடுக்கிறவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி கொடுப்பார். பெயர்களை அகர வரிசையில் அச்சிடுங்கள், தொகை போடாதீர்கள். பிள்ளைகளைத் தன் வண்டியில் ஏற்றி இறக்கியவர், கிணற்றடிக் கொட்டகையைக் கூட்டத்துக்குத் திறந்துவிட்டவர், சனிக்கிழமைதோறும் வந்து கணக்கு சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர், எல்லாரும் அதே பட்டியலில், அதே எழுத்தளவில் வரட்டும்.

இரண்டு விஷயங்களில் கவனமாக இருங்கள். ஒரு குடும்பத்தின் கடன், நோய், பயிர் கருகிய கதை இதையெல்லாம் அவர்களைக் கேட்காமல் மேடையில் சொல்லக் கூடாது. எழுதியதை முன்னதாகவே அவர்களிடம் வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்குவதும் பிள்ளைகளின் வேலைதான். அடுத்தது, எல்லாப் பிள்ளைகளும் விவசாயத்துக்கே வர வேண்டும் என்று யாரும் உபதேசம் செய்ய வேண்டாம். வருமானம் நிற்கிற தொழிலாக இருந்தால் வருவார்கள். வேறு வேலைக்குப் போகிற பிள்ளையும் இந்தக் குடும்பங்களிடம் கற்றதை எடுத்துக்கொண்டுதான் போகிறது. மாறாக, பாராட்டுப் பெறுகிறவர்களுக்குப் பேச நேரம் கொடுங்கள். விலை கிடைக்கவில்லை, ஆள் கிடைக்கவில்லை, தண்ணீர் இல்லை என்று அவர்கள் சொல்லலாம். விழாவில் இது எதற்கு என்று யாரும் இடைமறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேதி குறிக்கும்போது அறுவடை நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். மாலை விழா என்றால் கறவை நேரம் குறுக்கே வரும். மாடு வைத்திருக்கும் வீடுகளுக்கு அன்று பழகிய பிள்ளைகளை இரண்டு பேராக அனுப்பிப் பாலைக் கறந்து, தீவனம் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். யார் யார் எந்த வீட்டுக்கு என்று இப்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள், கடைசி நேரத்தில் அதைத்தான் எல்லாரும் மறப்பார்கள்.

பாராட்டுரைகள் தயாரானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். திருத்துவதற்கு இல்லை, படிப்பதற்கு.

அன்புடன்.