காப்பிக்கடை நாற்காலிக்கு நூறு வயதா? வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி (தெம்பனிஸ் வாசகர்): பழைய காப்பிக்கடை நாற்காலிகள் நான்கு விலைக்கு வந்திருக்கின்றன. வளைந்த மரம், பிரம்புப் பின்னல். "வியன்னாவில் செய்தது, நூறு வருஷத்து ஆன்டிக்" என்று சொல்லி ஒன்றுக்கு 380 சிங்கப்பூர் வெள்ளி கேட்கிறார் கடைக்காரர். நம்பி வாங்கலாமா?

பதில்: நாற்காலி பிடித்திருந்தால் வாங்கலாம். ஆனால் அந்த நூறு வருஷத்துக்கென்று தனியாகக் காசு கொடுப்பதற்கு முன், அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். கவிழ்க்க விடமாட்டேன் என்கிற கடையில் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

இந்த வடிவத்துக்கு மூலம், வியன்னாவின் மரச்சாமான் தயாரிப்பாளர் மைக்கேல் தோனெட் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலி. பீச் மரக் கழியை நீராவியில் பதப்படுத்தி அச்சில் வைத்து வளைப்பது அவருடைய உத்தி. ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு: மொத்த நாற்காலியே அவ்வளவுதான். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கிவிடும். கப்பல் கூலி குறைவு என்பதால் உலகம் முழுக்கப் போனது. நம்மூர்க் காப்பிக்கடைப் பளிங்கு மேசைகளுக்கு இந்த வகை நாற்காலி ஜோடி சேர்ந்ததும் அப்படித்தான்.

சிக்கல் என்னவென்றால், 1869இல் தோனெட்டின் காப்புரிமை முடிந்ததும் கோன் போன்ற போட்டி நிறுவனங்களும் இதே வடிவத்தில் இறங்கிவிட்டன. பிற்பாடு செக்கோஸ்லோவாக்கியாவிலும் போலந்திலும் செய்து குவித்தார்கள். தோனெட்டின் பழைய தொழிற்சாலை ஒன்று இன்றைய செக் குடியரசில் இருக்கிறது. அங்கே 14ஆம் எண் இன்னமும் தயாராகிறது. ஆகவே தோற்றத்தை மட்டும் பார்த்து வயது சொல்ல யாராலும் முடியாது.

அடிப்பக்கத்துக்கு வருவோம். உட்காரும் வளையத்தின் உள்விளிம்பில் முத்திரையோ காகிதச் சீட்டோ இருக்கிறதா என்று கைபேசி விளக்கை அடித்துத் தேடுங்கள். 'செக்கோஸ்லோவாக்கியா' என்றிருந்தால் 'வியன்னாவில் செய்தது' என்ற கதை முடிந்தது: அந்த நாடு பிறந்ததே 1918 அக்டோபரில், 1992 முடிவோடு பிரிந்தும் போனது. எனவே அந்த நாற்காலி 1918க்கு முந்தியதாக இருக்க வழியில்லை. அப்புறம் திருகாணிகள். தலையில் கூட்டல் குறி வெட்டிய திருகாணி 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஒன்றிரண்டு அப்படி இருந்தால் பழுதுபார்த்தபோது மாற்றியிருப்பார்கள். எல்லாமே அப்படி என்றால் "நூறு வருஷம்" எங்கே இருக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பின்கால் இரண்டும் முதுகு வளைவும் ஒரே கழியாக இருக்க வேண்டும். மர ரேகையின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். கீழிருந்து மேலே போய் மறுபக்கம் இறங்கும்வரை ரேகை அறுபடக்கூடாது. இருக்கை மட்டத்தில் ஒட்டு தெரிந்தால் அது மலிவு நகல், அல்லது உடைந்து ஒட்டியது. தேய்மானத்தையும் கவனியுங்கள். கால் வைத்துத் தேயும் இடம் தேய்ந்து, கை படாத மூலை தேயாமல் இருப்பதே இயல்பு. எங்கும் ஒரே அளவு 'பழமை' தெரிந்தால் அது பாலிஷ்காரர் கைவேலை.

பிரம்புப் பின்னல் புதிதாக இருப்பது குறையே இல்லை. பின்னல் அறுந்துபோகும், மாற்றுவார்கள். "ஒரிஜினல் பின்னல்" என்று அதற்கும் சேர்த்து விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இன்னொன்று: சுங்க வகைப்பாட்டில் 100 ஆண்டு தாண்டிய பொருள்தான் ஆன்டிக். 'விண்டேஜ்' என்பதற்கு அப்படி ஓர் எல்லை கிடையாது, விற்பவர் இஷ்டம். "தோனெட், ஆஸ்திரியா, 1918க்கு முன்" என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தால், பிறகு அது பொய் என்று தெரியும்போது உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். தயங்கினால், பழைய நாற்காலிக்கு உரிய விலையைப் பேசி வாங்குங்கள். போலந்தில் செய்ததாக இருந்தாலும் அது நல்ல நாற்காலிதான். நான்குக்கு 1,520 வெள்ளி தரவேண்டுமா என்பதுதான் கேள்வி.

கேள்வி (பொங்கோல் வாசகர்): இணையத்தில் 'வெக்னர் விஷ்போன் நாற்காலி' 180 வெள்ளிக்குக் கிடைக்கிறது. கடையிலோ ஆயிரத்துக்கு மேல். எதற்கு இந்த வித்தியாசம்?

பதில்: 180 வெள்ளிக்குக் கிடைப்பது நகல். ஹான்ஸ் வெக்னர் 1949இல் வடிவமைத்ததை டென்மார்க்கின் கார்ல் ஹான்சன் நிறுவனம் 1950 முதல் செய்துவருகிறது. அதன் இருக்கைக்குச் சுமார் 120 மீட்டர் காகிதக் கயிற்றைக் கையால் பின்னுகிறார்கள். விலையில் பெரும்பங்கு அந்தக் கைவேலைக்கும் மரத்துக்கும் போகிறது. நகல் என்று தெரிந்து வாங்கினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. விளம்பரத்தில் 'வெக்னர்' என்று போட்டுவிட்டு ரசீதில் 'வெக்னர் பாணி' என்று மாற்றுகிற வேலைதான் கூடாது. பழைய ஆங்கில நாற்காலிகளிலும் இதே கூத்து உண்டு. லண்டன் தச்சர் தாமஸ் சிப்பெண்டேல் தன் வடிவங்களை 1754இல் புத்தகமாகவே போட்டார். பார்த்த தச்சரெல்லாம் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். சிப்பெண்டேல் பாணி நாற்காலி போன வருஷம் செய்ததாகவும் இருக்கலாம்.

கேள்வி (ஈசூன் வாசகி): காரைக்குடியில் தாத்தாவின் சாய்வு நாற்காலி இருக்கிறது. பர்மாத் தேக்கு, நீட்டி மடக்கும் கைகள். நூறு வருஷம் இருக்கும் என்கிறார் சித்தப்பா. சிங்கப்பூருக்குக் கொண்டுவர முடியுமா?

பதில்: சித்தப்பா சொல்வது உண்மையானால் உங்களுக்குத் தொல்லைதான். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள, நூறு ஆண்டுக்குக் குறையாத பொருள்களைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. நாற்காலி அந்த வகையில் வராது என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிய பிறகே கப்பலுக்குப் பேசுங்கள். சான்றிதழ் இல்லாமல் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிற முகவரிடம் தாத்தாவின் நாற்காலியைக் கொடுக்க வேண்டாம்.

மரத்தையும் ஒரு தச்சரிடம் காட்டுங்கள். தேக்கு என்றால் பிரச்சினை இல்லை. ஈட்டி மரமாக இருந்தால் அது அனைத்துலக வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தமான சைட்டிஸ் பட்டியலில் உள்ள மரம். இங்கே அதைக் கவனிப்பது தேசியப் பூங்காக் கழகம், அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இறக்குமதி செய்யும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் உண்டு, அது கப்பல் கூலியையும் சேர்த்துக் கணக்கிடப்படும்.

வீட்டில் குளிரூட்டி ஓடும் அறையிலிருந்து தள்ளியே போடுங்கள். ஈரக்காற்றில் ஊதிய மரம் குளிரூட்டியில் காய்ந்தால் மூட்டு விடும்.

கேள்வி (ஜூரோங் வாசகர்): கடையில் வாங்கிய பழைய நாற்காலிக்குக் கீழே இரண்டு மாதத்தில் தூள் கொட்டுகிறது. "பழைய சாமான், பொறுப்பேற்க மாட்டோம்" என்கிறார்கள்.

பதில்: தூள் நைசான மாவாக இருந்தால் மரம் உளுத்திருக்கிறது, வண்டு வேலை. சிறுசிறு மணிகளாக இருந்தால் கரையான். முதல் வேலையாக அந்த நாற்காலியை மற்ற மரச்சாமான்களிடமிருந்து பிரித்துவைத்து, தூளையும் துளைகளையும் படமெடுங்கள்.

2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த குறைபாட்டுப் பொருள் சட்டம் பழைய பொருளுக்கும் செல்லும். ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. பொருளின் வயதையும் விலையையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள் என்பதால், கொஞ்சம் ஆட்டம் காண்கிறது என்பதற்கெல்லாம் பணம் திரும்பாது. பூச்சி வேறு விஷயம். முதலில் சரிசெய்து தரவோ மாற்றித் தரவோ கேளுங்கள், நடக்காவிட்டால் விலைக் குறைப்போ பணமோ. கடை மறுத்தால் பயனீட்டாளர் சங்கமான கேஸ், அதற்கும் மசியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும்.

இதையே இணையச் சந்தையான கரோசலில் ஒரு தனிமனிதரிடம் வாங்கியிருந்தால் அந்த ஆறு மாதச் சலுகை கிடையாது. அவர் என்ன சொல்லி விற்றார் என்பதற்கு உங்கள் உரையாடல் பதிவுதான் சாட்சி, அழித்துவிடாதீர்கள்.