கோல்ஃப் கிளப்பில் சேர என்ட்ரன்ஸ் ஃபீ: கேள்வி பதில்

புது மெம்பரிடம் சேரும்போதே பெரிய தொகை வாங்குவது நியாயமா என்று நம்மவர்கள் பலர் கேட்டிருந்தார்கள். ஆடிட்டராகக் கிளப் கணக்குகளைப் பல வருஷம் பார்த்தவன், கோல்ஃபும் ஆடுகிறவன் என்பதால் பதில் சொல்லும் வேலை எனக்கு வந்தது. ஒன்றுபோல இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

திருப்பூரிலிருந்து: மாசா மாசம் சந்தா கட்டத்தானுங்க போறோம். அப்புறம் எதுக்கு முன்னாடியே லட்சக்கணக்குல என்ட்ரன்ஸ் ஃபீ? வேலைக்கு வர்றவன்கிட்ட தையல் மெஷின் வெலையக் கேக்கற மாதிரி இருக்குது.

நீங்கள் வேலைக்கு வரவில்லைங்க, பங்காளியாக வருகிறீர்கள். நம்ம பக்கம் தோட்டம் கிரயம் பண்ணும்போது கிணற்றில் எத்தனை பங்கு, மோட்டாரில் எத்தனை பங்கு, வாய்க்கால் பாத்தியம் என்ன என்று பத்திரத்தில் எழுதுவோம். அந்தக் கிணற்றை வெட்டியது யாரோ. பாறைக்கு வெடி வைத்ததும், சுற்றிலும் கல் கட்டியதும் அவர்கள் காசு. அதற்கு ஒரு விலை கொடுத்த பிறகுதான் நமக்கு முறைத் தண்ணீர். அப்புறம் மோட்டார் காயில் எரிந்தால் செலவைப் பங்குப்படி பிரித்துக்கொள்வோம். கிணற்றுப் பங்கு என்ட்ரன்ஸ் ஃபீ மாதிரி, காயில் கட்டும் செலவு சந்தா மாதிரி.

பதினெட்டுக் குழி மைதானத்துக்குப் பொதுவாக நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். கிரீன் என்கிறோமே, பந்தை உருட்டிக் குழியில் போடும் இடம், அது வெறும் புல்தரை இல்லை. அடியில் வடிகால் குழாய், மேலே 4 அங்குலம் ஜல்லி, அதற்கும் மேலே 12 அங்குலம் மணல் கலவை என்பது அமெரிக்க கோல்ஃப் சங்கம் வகுத்த முறை. மலை மறைவில் மழை குறைந்த நம்ம சீமையில் இத்தனை புல்லையும் சித்திரை வெயிலில் உயிரோடு வைக்கத் தண்ணீர்த் தொட்டி, பம்ப்செட், குழாய் எல்லாம் தனிச் செலவு. முதல் நாளே நீங்கள் ஆடுவது இதன் மேல்தான். ஆகவே என்ட்ரன்ஸ் ஃபீ வாங்கலாம் என்பதே என் பதில். எவ்வளவு வாங்குகிறார்கள், அதை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

பொள்ளாச்சியிலிருந்து: அந்தச் சண்டையைத்தானுங்க கேக்கோணும். பணம் எங்க போகுது?

நான் கணக்குப் பார்த்த ஒரு கிளப்பைச் சொல்கிறேன். அங்கே கோல்ஃப் இல்லை, டென்னிஸும் நீச்சல் குளமும்தான். சந்தாவை உயர்த்தலாம் என்று கமிட்டி வாயெடுத்தாலே பழைய மெம்பர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். அதனால் வருஷா வருஷம் புது ஆட்களைச் சேர்த்து, அவர்கள் கட்டிய என்ட்ரன்ஸ் ஃபீயில் சம்பளமும் கரண்ட் பில்லும் கட்டி வந்தார்கள். வரவு செலவில் உபரி காட்டியது, எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டு வருஷம் ஆள் சேரவில்லை. குளத்து ஃபில்டர் பழுதானபோது கையில் காசில்லை. கடைசியில் தலைக்கு இவ்வளவு என்று ஸ்பெஷல் லெவி போட்டார்கள். முந்தின வருஷம் முழுத் தொகை கட்டிச் சேர்ந்தவர்களும் மறுபடி கட்டினார்கள். நான் முன்கூட்டியே எழுத்தில் எச்சரித்திருந்தும் யாரும் கேட்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

விதைக் கடலையை வறுத்துத் தின்றால் அன்றைக்கு வயிறு நிறையும், அடுத்த பட்டத்துக்குக் காடு சும்மா கிடக்கும். என்ட்ரன்ஸ் ஃபீ மூலதன நிதிக்குத்தான் போக வேண்டும் என்று கிளப்பின் சட்டதிட்டமான பைலாவிலேயே இருக்க வேண்டும். தனி வங்கிக் கணக்கு வேண்டும். அதிலிருந்து எடுக்கப் பொதுக்குழு ஒப்புதல் வேண்டும். பைலாவில் அப்படி இல்லாவிட்டால் அதை வருமானமாகவே கணக்கில் காட்டிவிட இடமிருக்கிறது. சேருவதற்கு முன் கடைசி மூன்று வருஷ பேலன்ஸ் ஷீட்டைக் கேளுங்கள். தர யோசிக்கிற கிளப்பில் சேர யோசியுங்கள்.

ஈரோட்டிலிருந்து: எம் பையன் இங்கிலாந்துல இருக்கறான். அங்க பல கிளப்புல ஜாயினிங் ஃபீயே இல்லைங்கறான். இங்க மட்டும் ஏனுங்க?

தம்பி சொல்வது சரிதான். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு அங்கே ஆள் குறைந்து பல கிளப்புகள் அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டன. 2020 ஊரடங்கு தளர்ந்ததும் வெட்டவெளி ஆட்டம் என்று கூட்டம் கோல்ஃப் பக்கம் திரும்ப, சில கிளப்புகள் மறுபடி வாங்கத் தொடங்கின. அங்கே அரை மணி நேரக் கார்ப் பயணத்தில் நாலைந்து மைதானம் இருக்கும். நமக்குக் கோவை செட்டிபாளையம் மைதானத்தை விட்டால் ஊட்டி மலை ஏற வேண்டும். இதனால்தான் இங்கே தொகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடிகிறது. போட்டி இல்லாத ஊரில் கமிட்டிக்குத்தான் கூடுதல் பொறுப்பு.

கரூரிலிருந்து: திருப்பித் தர்ற டெபாசிட்டா வாங்கினா நல்லதுதானுங்களே?

கேட்க நன்றாக இருக்கும். ஜப்பானில் 1980களில் இப்படித்தான் பெருந்தொகை டெபாசிட் வாங்கி மைதானம் கட்டினார்கள். பத்து வருஷம் போன்ற கெடு முடிந்து மெம்பர்கள் கேட்க வந்தபோது நிலத்தின் விலை சரிந்திருந்தது, பணம் மண்ணுக்குள் இருந்தது. ஏராளமான கிளப்புகள் திவாலாயின. புல்லில் போட்ட பணத்தைத் திருப்பித் தருவதாக யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

கோபியிலிருந்து: ஜிஎஸ்டி உண்டுங்களா?

18 சதவீதம். பத்து லட்சம் என்றால் 1,80,000 கூடும். தொகை சொல்லும்போது வரியோடா, வரி தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உடுமலையிலிருந்து ஒரு அம்மா: எங்க பொண்ணுக்குப் பதினஞ்சு வயசு. நல்லா ஆடறா. அவ்வளவு பணம் எங்களால முடியாதுங்க.

ஏனுங்கம்மா, இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் என்ட்ரன்ஸ் ஃபீக்கு எதிர்க்கட்சி. டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாவதாக வந்த அதிதி அசோக் ஐந்து வயசில் பெங்களூரில் மட்டையைத் தொட்டவர். அந்த வயசில் வாசலிலேயே லட்சம் கேட்டால் எந்தக் குழந்தை உள்ளே வரும்? ஜூனியரிடம் சந்தா மட்டும் வாங்க வேண்டும். பெரியவளாகி முழு மெம்பர் ஆகும்போது, ஜூனியராக இருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் என்ட்ரன்ஸ் ஃபீயில் ஒரு பகுதியைக் கழிக்க வேண்டும். மீதியை ஐந்து வருஷத் தவணையாக வாங்கலாம். ஜூனியர் பிரிவு இருக்கிறதா என்று கிளப் செயலாளரிடம் கேளுங்கள். அம்மணியின் ஸ்கோர் கார்டுகளைக் கையோடு கொண்டு போங்கள்.

கோவைக்குப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி: எங்கப்பா இருவது வருசமா கேடி, ஆடறவங்க பையத் தூக்கற வேலை. நானும் ஆடுவனுங்க. எங்களுக்கெல்லாம் மெம்பர் ஆற வழி இருக்குதுங்களா?

தம்பி, 1991இல் இந்தியன் ஓபன் கோல்ஃப் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர் கேடியாக இருந்தவர். 2009இல் அதே கோப்பையை வென்ற முனியப்பாவும் பெங்களூரில் பை சுமந்தவர்தான். பல கிளப்புகள் திங்கட்கிழமை கேடிகளை ஆட விடுகின்றன, அது போதாது. கிணறு வெட்டியவர்களுக்குப் பங்கு என்று மேலே சொன்னேன். இருபது வருஷம் அந்தப் புல்லில் நடந்து, பெயர்ந்த மண்கட்டியை எடுத்து வைத்து, பங்கர் என்கிற மணல் பள்ளத்தில் மணலைச் சமன்படுத்திய உங்கப்பாவும் கிணறு வெட்டியவர்தான். அவர் பிள்ளையிடம் என்ட்ரன்ஸ் ஃபீ கேட்கக் கூடாது. ஆட்டத் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் எண் வாங்கும் தகுதி இருந்தால் ஆடும் உரிமை தர வேண்டும், அது பைலாவிலும் ஏற வேண்டும். அப்பாவின் வேலை வருஷங்களைக் குறித்து கமிட்டிக்கு ஒரு மனு எழுது. அடுத்த பொதுக்குழுவுக்கு முன்னால் எனக்கு அனுப்பு, ஆதரவுக் கையெழுத்துகளை நான் வாங்குகிறேன்.