உப்பு, துரு, சுண்ணாம்பு, மீன் வாசம்: வேதியியல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் உப்பைப் பற்றியவை. தொண்டி முதல் ஏர்வாடி வரை கடலைப் பார்த்தபடி இருப்பவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்!

சோடியம் தண்ணீரில் பட்டால் தீப்பிடிக்கும், குளோரின் விஷவாயு என்று படித்தோம். இரண்டும் சேர்ந்த உப்பை எப்படிச் சாப்பிடுகிறோம்? (பத்தாம் வகுப்பு மாணவி, கீழக்கரை)

நல்ல கேள்வி அம்மா. சோடியம் அணுவின் கடைசிக் கூட்டில் ஒரே ஓர் எலக்ட்ரான். அதை யாரிடமாவது தள்ளிவிடத் துடிப்பதால்தான் சோடியத்தை மண்ணெண்ணெயில் போட்டு வைக்கிறார்கள். குளோரினின் கடைசிக் கூட்டில் 7. எட்டாக இன்னும் ஒன்று வேண்டும். அந்த ஒன்று கைமாறியதும் இரண்டின் ஆவேசமும் அடங்கிவிடுகிறது. மிஞ்சுபவை அயனிகள், அதாவது மின்சுமை ஏறிய அணுக்கள்; பழைய உலோகமும் வாயுவும் அல்ல.

ஒன்றுக்கு ஒன்று ஜோடி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். உப்புப் படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியையும் 6 குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கும். ஒவ்வொரு குளோரைடையும் 6 சோடியம். எல்லாப் பக்கமும் இழுத்துப் பிடித்திருப்பதால் உப்பை உருக்க 801 டிகிரி செல்சியஸ் தேவை. 'உப்பு மூலக்கூறு' என்று விடைத்தாளில் எழுதினால் நான் மார்க் குறைப்பேன்.

மழைக்காலத்தில் கல்லுப்பு கசிகிறது, சில சமயம் கசக்கவும் செய்கிறது. கலப்படமா? (வாலிநோக்கம்)

கலப்படம் இல்லை, கடலின் கைவரிசை. கடல்நீரில் மக்னீசியமும் உண்டு. பாத்தியில் நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் படியும், அப்புறம் சோடியம் குளோரைடு. மக்னீசியம் உப்புகள் கடைசி வரை நீரிலேயே நிற்கும். அந்தக் கசப்பு நீரை நேரத்தில் வடித்துவிடாமல் உப்பை வாரினால் அதுவும் ஒட்டிக்கொண்டு வரும். மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுப்பதில் கெட்டிக்காரன்.

விசைப்படகில் புரொப்பல்லர் பக்கம் பொருத்திய துத்தநாகக் கட்டி கரைந்துகொண்டே போகிறது. மட்டச் சரக்கை விற்றுவிட்டார்களா? (மண்டபம்)

கரையத்தான் அதைப் பொருத்துகிறோம்! கரையாமல் புதிதுபோல் இருந்தால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

உப்புக்காற்று இரும்பைத் தின்கிறது என்று பேசிக்கொள்கிறோம். உண்மையில் இரும்பிடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொள்வது, நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். எலக்ட்ரானை இழந்த இரும்பு ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து துருவாகிறது. உப்பின் வேலை வேறு: நீரில் மின்னோட்டம் எளிதாகப் பாய வழி செய்வது. உலோகத்தின் மேல் இருக்கும் காப்புப் படலத்தைக் குளோரைடு அயனி உடைத்தும் விடும். இரும்புக்குப் பக்கத்தில் வெண்கல புரொப்பல்லர் இருந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும்.

துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரானைக் கொடுத்துவிடும். அது இருக்கும்வரை இரும்பு தப்பிக்கும். ஆனால் கட்டி உலோகத்தோடு நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். படகுக்குப் பெயின்ட் அடிக்கும் ஜோரில் கட்டிக்கும் சேர்த்து அடித்துவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அடித்துவிட்டால் அது வெறும் பாரம். பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள்.

1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தை உப்புக்காற்றில் காப்பாற்ற ஓயாமல் பராமரிக்க வேண்டியிருந்தது. 2025-ல் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் என்ற சிலிக்கான் வகைப் பூச்சும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த எஃகில் உள்ள குரோமியம், மேலே மெல்லிய ஆக்சைடு படலமாகி ஆக்சிஜனைத் தடுக்கும்.

சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கிறதே, அடுப்பு எங்கே? (தேவிபட்டினம்)

கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். சூளையில் சுமார் 900 டிகிரியில் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி கால்சியம் ஆக்சைடு மிஞ்சும். அதில் நீர் சேர்ந்து கால்சியம் ஹைட்ராக்சைடு உருவாகும்போது புதிய பிணைப்புகள் ஏற்பட்டு வெப்பம் வெளிவருகிறது. ஒரு கிலோ தரும் வெப்பம் 3 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். கண்ணில் தெறித்தால் ஆபத்து. குழந்தைகளை அருகில் விடாதீர்கள். சுவரில் பூசியபின் அது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை மெல்ல வாங்கி மறுபடி கார்பனேட்டாக இறுகும்.

போர் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை. (பனைக்குளம்)

கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத திரையாகப் படிந்துவிடுகின்றன. டிடர்ஜென்டுக்கு மாறுங்கள்.

மீன் குழம்பில் புளி விட்டால் கவிச்சி போவது ஏன்? (தொண்டி)

கடல்மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதில் டிரைமெத்திலமைன் என்ற காரத்தை (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான காரம்) உண்டாக்கும். அது ஆவியாகி மூக்கில் ஏறுவதுதான் கவிச்சி. புளியின் டார்டாரிக் அமிலம் அந்தக் காரத்துக்கு ஒரு புரோட்டானைக் கொடுத்து ஒருவகை உப்பாக (சமையல் உப்பு அல்ல) மாற்றிவிடும். உப்பு ஆவியாகாது, வாசமும் வராது. பள்ளியில் படித்த அதே நடுநிலையாக்கல்தான்.

ஆனால் புளி நாற்றத்தைத்தான் அடக்கும், கெட்ட மீனை நல்ல மீனாக்காது. சூரை, கானாங்கெளுத்தி போன்றவற்றை ஐஸ் இல்லாமல் வெயிலில் போட்டால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்டதும் முகம் சிவந்து, உடம்பு தடித்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.