தடைக்காலக் கவலையும் அன்றாட அப்பமும்

அன்புச் சகோதரி, மீன்பிடித் தடைக்காலமான ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் குளச்சலில் உங்கள் கணவருக்கு மீன்பிடியில் கிடைக்கும் பங்குப்பணம் நின்றுவிட்டதாகவும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை எண்ணி உறக்கமின்றித் தவிப்பதாகவும், இப்படிக் கவலைப்படுவதே விசுவாசக் குறைவோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

விசுவாசக் குறைவு அன்று. மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் ‘கவலைப்படாதீர்கள்’ என்று இயேசு சொல்லும்போது, உங்களுக்கு இவையெல்லாம் தேவை என்று விண்ணகத் தந்தை அறிவார் என்பதையே காரணமாகக் காட்டுகிறார். அதைக் கண்டனமாக அல்ல, ஆறுதலாகவே நான் வாசிக்கிறேன், ஏனெனில் அவரைப் பின்சென்ற முதல் சீடர்களே வலையை நம்பிப் பிழைத்தவர்கள்.

பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்களுக்குக் கடவுள் தந்த உணவான மன்னாவும் அன்றன்றைக்கு வேண்டிய அளவே கிடைத்தது. (ஓய்வுநாளுக்கு முந்தைய நாளில் மட்டும் இரட்டிப்பு.) ஆனால் காலையில் கூடாரத்தைவிட்டு வெளியே சென்று அதைச் சேகரிக்கும் வேலை மக்களுடையதாகவே இருந்தது. ஆகவே தடைக்கால நிவாரணத்தைக் கேட்டு மீன்வளத் துறை அலுவலகத்துக்குச் செல்வதும், மீனவர்களுக்கான சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவநம்பிக்கை ஆகா. கட்டணத்தைத் தவணையாகச் செலுத்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம் நீங்களே நேரில் பேசுங்கள். கந்துவட்டிக்கு மட்டும் தயவுசெய்து போகாதீர்கள்.

உங்கள் அன்பியத்திலும், அதாவது அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழுவிலும், சொல்லுங்கள். முட்டத்தில் என் அம்மா இத்தகைய ஆனி மாதம் ஒன்றில் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தார். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா தாமாகவே அறிந்து, ஒரு பெட்டி அரிசியையும் கொஞ்சம் கருவாட்டையும் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். இன்றிரவு உங்கள் குடும்பத்துக்காக நான் செபிக்கிறேன்.